மூடிய கண்ணாடிக்குள் ஒரு வாடை

ஒரே வெட்கத்தை மூன்று பேர் சுமந்த கதை இது. யாருடைய பங்கு பெரிது என்பதைக் கேட்கிறவர்கள்தான் பிரித்துச் சொல்ல வேண்டும்.

பாளையங்கோட்டையில் ஒரு சைவப் பிள்ளைமார் வீடு. முட்டை என்ற சொல்லையே அங்கே குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். மாமியார் பிரமநாயகி, மகன் குற்றாலநாதன், மருமகள் சங்கரி. நாதன் இரண்டு வயதாகியும் எழுந்து நிற்காத நோஞ்சானாக இருந்தவன், சாமி புண்ணியத்தில் தேறினான் என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

சங்கரியின் மகள் வள்ளிக்கும் அதே உடம்பு. எடை ஏறவே இல்லை. "பிள்ளைக்கு முட்டை குடுங்க" என்றார் டாக்டரம்மா. சங்கரி பயந்துபோய்க் கணவனிடம் சொன்னாள்.

"வீட்டுக்குள்ள வேண்டாம். கார்ல வச்சுக் குடுத்துரு. அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னால பதில் சொல்ல முடியாது" என்றான் நாதன்.

அதன்பிறகு, கான்வென்ட்டில் தன்னோடு படித்த பியூலா அவித்து உரித்துத் தரும் முட்டையை, பிளே ஸ்கூல் போகும் வழியில் காரை ஓரமாக நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, தெருவைப் பார்த்தபடியே ஊட்டினாள் சங்கரி. பெற்ற பிள்ளைக்குச் சோறூட்டத் திருடியைப் போல உட்கார வேண்டியிருக்கிறதே என்று ஒவ்வொரு வாய்க்கும் கூசினாள்.

கொஞ்ச நாளில் காருக்குள் ஓர் அழுகல் வாடை கிளம்பியது. எப்போதோ ஒரு துண்டு சிந்தி எங்கோ கிடக்கிறது என்று அவளுக்கு நடுக்கம். மஞ்சள் தண்ணீரால் துடைத்தாள், எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தாள். வாடை போகவில்லை. வண்டியும் மேடு ஏறத் திணறியது; ஸ்பீடு காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் சீட்டைக் கழற்றுவார்கள், துண்டு வெளியே வரும். நாதன் பைக்கில் போகிறவன், அவனுக்கு இது தெரியாது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் வள்ளி பின்சீட்டில் வாந்தி எடுத்தாள். வெயில் சேரவில்லை என்று சொல்லிக் கழுவிவிட்டாள்.

ஒரு கல்யாணத்துக்குக் குடும்பமாகப் புறப்பட்டபோது மாமியார் வழியெல்லாம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வந்தாள்; மேம்பால ஏற்றத்தில் கார் நின்றேவிட்டது. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்த இடம் மைதீன் பாயின் ஒர்க்‌ஷாப். அவர் கதவைத் திறந்து முகத்தைச் சுளித்தார்.

"எலி செத்துக் கிடக்கு அண்ணாச்சி."

"செத்த எலிய எனக்குத் தெரியாதா?" என்றாள் மாமியார். "இது அழுகுன கோழிமுட்டை. சாணி போட்டு மெழுகினாலும் போகாத நாத்தம்."

பாய் சிரித்தார். "இங்க காலையில ஆம்லெட் தின்னவன் நான் ஒருத்தன்தான். எம்மேல பழியப் போட்டுராதீக."

மாமியார் சிரிக்கவில்லை. மருமகளைப் பார்த்தாள். "ஏட்டி, இது நம்ம வண்டியா, கோழிக்கூடா?"

நாதன் திறந்திருந்த பானெட்டுக்குள் தலையை நீட்டி, அங்கே எதையோ தேடுகிறவனைப் போல நின்றுகொண்டான். சங்கரி அவன் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமா அத்தை. வள்ளிக்கு நான்தான் குடுத்தேன். டாக்டர் சொன்னாங்க." கணவன் பேரை அவள் எடுக்கவில்லை.

"என் வீட்டுப் பிள்ளைய, ஊர் பாக்க நடுத்தெருவுல வச்சு" என்று தொடங்கிய மாமியார், பாய் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். சங்கரி முந்தானையால் வள்ளியின் வாயைத் துடைத்தாள். அந்த வாயில் அப்போது ஒன்றும் இல்லை.

பாய் சீட்டுகளைக் கழற்றிப் பார்த்தார். பிஸ்கட் தூளும் ஒரு பாசிமணியும் கிடந்தன, வேறில்லை. வண்டியைத் தூக்கி நிறுத்தி, புகைக்குழாயின் நடுவில் புடைத்திருந்த பகுதியை ரப்பர் சுத்தியலால் தட்டினார். டப்பாவுக்குள் கல் உருள்வதைப் போலச் சத்தம் கேட்டது.

"முட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது கன்வெர்ட்டர். புகையச் சுத்தம் பண்ணுறது. ஒரு பிளக் சரியா எரியாம, எரியாத பெட்ரோல் இதுக்குள்ள போயி, சூடேறி, உள்ள தேன்கூடு மாதிரி இருக்க சல்லடை நொறுங்கி அடைச்சுப்போச்சு. புகை போக வழி இல்லாமத்தான் வண்டி நின்னிருக்கு. பெட்ரோல்ல இருக்க கந்தகந்தான் அழுகுன முட்டை மாதிரி நாறுது. மஞ்ச லைட்டு எரிஞ்சிருக்குமே?"

"எரிஞ்சுது" என்றாள் சங்கரி.

"அப்பவே வந்திருந்தா பிளக்கோட போயிருக்கும். பிள்ளைய வச்சுக் கண்ணாடிய மூடிக்கிட்டா ஓட்டுனீங்க? அந்தப் புகை பிள்ளைக்கு ஆகாதும்மா."

முட்டைக்காகக் குனிந்ததைவிட இப்போது அவள் தலை இன்னும் தாழ்ந்தது.

பிளக்கையும் கன்வெர்ட்டரையும் மாற்றியபின் வாடை போய்விட்டது. மறுபடி பிளே ஸ்கூல் போகிற நாளில், வள்ளியின் பையில் இட்லி டப்பாவுக்கு அடியில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. பிரித்தால் இடித்த மிளகும் உப்பும். மாமியாரைத் தவிர அந்த வீட்டில் யாரும் உரலைத் தொடுவதில்லை.

மறைத்தவள், வாய் திறக்காதவன், பழி சொன்னவள். இவர்களில் அதிகம் தலைகுனிய வேண்டியவர் யார்?

விடை: நாதன் என்று சொல்லத் தோன்றும். அவன் கோழைதான், பிள்ளையைப் புகைக்குள் உட்கார வைத்த சங்கரிக்கும் பங்கு உண்டு. ஆனால் முட்டையே நுழையாத வீட்டில் அழுகிய முட்டையின் வாடை ஒருத்திக்கு எப்படித் தெரியும்? சாணி மெழுகினாலும் போகாது என்பது மெழுகிப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். நிற்காத பிள்ளையை நிற்க வைக்க அவளும் முட்டையை ஒளித்து வைத்து ஊட்டியவள். ஒன்றை மறந்து அழுகவும் விட்டவள். அந்தப் பயம் இன்னதென்று அங்கே அறிந்தவள் அவள் ஒருத்தி. அறிந்தும் இன்னொரு தாயை அன்னியர் முன்னால் நிற்க வைத்தாள். ஆகவே பெரிய பங்கு மாமியாருடையது. வாயால் கேட்க முடியாத மன்னிப்பைத்தான் முட்டைக்குத் தொட்டுக்கொள்ளப் பொட்டலமாக மடித்துக் கொடுத்தாள். அன்றைக்குச் சங்கரி கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஊட்டினாள்.