இறங்குதுறையில் ஐந்நூறு கால்

மூங்கில் மடுவின் ஓரத்தில் சிலுப்பி என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. கிழங்கு தோண்டித் தின்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் அதற்குக் கதை எழுதுவதுதான் வேலை. உதிர்ந்த முள்தான் எழுதுகோல், தேக்கிலைதான் தாள்.

இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு, நாற்பது இலையில் ஒரு பெரிய கதையை எழுதி முடித்தது. ஆறு எங்கே பிறக்கிறது என்று பார்க்கப் புறப்பட்ட ஒரு நீர்நாய்க்குட்டியின் கதை அது.

அந்தக் காட்டில் கதை வாசிப்பதென்றால் மயிலின் பாறை மேடைக்குத்தான் போகவேண்டும். மயில் ஓர் இலையைப் புரட்டிப் பார்த்தது.

"முள்ளம்பன்றி எழுதின கதையா! உன் பக்கத்துல உட்கார்ந்து கேட்க யாருக்குத் தைரியம் வரும்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டது.

சிலுப்பிக்கு அழுகையே வந்துவிட்டது. கோபமும் வந்தது.

"உன் மேடை உன்னோடயே இருக்கட்டும்! நானே ஆள் சேர்க்கிறேன். இதை உட்கார்ந்து கேட்க நாலு பேர் கிடைக்கலைன்னா, எல்லா இலையையும் மடுவில போட்டுட்டு இனிமே கிழங்கோட நிறுத்திக்கிறேன்!" என்று சொல்லிவிட்டு வந்தது.

மடுவின் ஈரக்கரையில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு என்ன சொல்லவேண்டுமோ அதை அந்தச் சேற்றில் கீறி வைப்பார்கள். எந்த அத்தி பழுத்திருக்கிறது, புலி எந்தப் பக்கம் போயிற்று, யாருக்குக் குட்டி பிறந்தது, எல்லாம் அங்கேதான். படித்துப் பிடித்துப்போனால் பக்கத்தில் ஒரு கால் பதித்துவிட்டுப் போவார்கள்.

சிலுப்பியும் நாவல் மரத்தடியில் ஓர் ஒதுக்கமான மூலையைப் பிடித்தது. தன் கதையிலிருந்து தினம் நாலு வரி எழுதியது. மூன்று கால் விழுந்தது. ஒன்று உடும்பு, ஒன்று கீரி, ஒன்று காட்டுக்கோழி. மறுநாளும் அதே மூன்று. அதற்கு மறுநாளும் அதே மூன்றுதான்!

கிளையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த கரிச்சான் குருவி விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாப் பறவையின் குரலிலும் பேசத் தெரிந்த பறவை அது. அதனால் எல்லாம் தெரிந்த பறவை என்று அதற்கே ஒரு நினைப்பு.

"மூணு காலுக்கா இவ்வளவு பாடு? இந்த மூலைக்கு யார் வருவா? இறங்குதுறைக்குப் போ! நாலு வரியெல்லாம் வேண்டாம், ஒரே வரி போடு. சிரிக்கிற மாதிரி போடு. கால் கொட்டும் பாரு!"

சிலுப்பி துறைக்குப் போனது. 'கரடிக்கு ஏன் தொப்பை?' என்று ஒரு வரி கீறியது. சாயங்காலம் வந்து பார்த்தால் நூற்றுப் பத்துக் கால்! மான், பன்றி, காட்டெருமை, முயல் என்று ஒருத்தர் பாக்கியில்லை. சிலுப்பிக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்குச் சாப்பிடக்கூட மறந்துவிட்டது.

அப்புறம் நாவல் மரத்தடிப் பக்கமே அது போகவில்லை. தினமும் துறையில் ஒரு வரி, தினமும் எண்ணிக்கை. வழியில் உடும்பு எதிர்ப்பட்டது.

"தம்பி, அந்த நீர்நாய்க்குட்டி அருவியில மாட்டிக்கிச்சே! அப்புறம் என்ன ஆச்சு?"

"அப்புறம் சொல்றேன் அக்கா! இன்னைக்கு இருநூத்து முப்பது கால் விழுந்திருக்கு, தெரியுமா?"

இன்னொரு நாளும் உடும்பு கேட்டது. "அது பிழைச்சுதா, அதையாவது சொல்லேன்!"

"அவசரமா போறேன் அக்கா!" என்று சிலுப்பி ஓடியது. கேட்ட ஒரே ஒரு ஜீவனுக்கு நின்று பதில் சொல்ல அதற்கு நேரமில்லை. என்ன பிழைப்போ!

கடைசியில் துறையில் கொட்டை எழுத்தில் கீறியது: 'நாளைக் காலை, என் குகை வாசலில், நீர்நாய்க்குட்டியின் முழுக் கதை. எல்லோரும் வாருங்கள்!' சாயங்காலத்துக்குள் ஐந்நூறு கால்.

மறுநாள் விடிந்ததும் குகை வாசலைக் கூட்டிப் பெருக்கியது. பெரியவர்களுக்குப் பின்னால், சிறியவர்களுக்கு முன்னால் என்று இடம் பிரித்தது. தன் முள் யாரையும் குத்திவிடக்கூடாது என்று பாறையோரம் ஒதுங்கி உட்கார்ந்தது. வெயில் ஏறியது. ஓர் எறும்புகூட வரவில்லை.

சிலுப்பி துறைக்கு ஓடியது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மானைப் பிடித்துக்கொண்டது.

"ஏன் வரலை?"

"எங்கே?"

"நேத்து என் எழுத்துக்குக் கால் பதிச்சியே!"

"எழுத்தா? நான் தண்ணி குடிக்க வந்தேன்ப்பா. காலைத் தோள்ல போட்டுக்கிட்டா இறங்க முடியும்?"

அப்போதுதான் சிலுப்பி குனிந்து பார்த்தது. ஒரு கால்கூட எழுத்துக்குப் பக்கத்தில் இல்லை. எல்லாம் எழுத்தின் மேலேயே ஏறி, நேரே தண்ணீரைப் பார்த்துப் போயிருந்தது.

கரிச்சான் மட்டும் மேலிருந்து, "கால் கொட்டும்னு சொன்னேன், கொட்டிச்சு! கதை கேட்பாங்கன்னு நான் சொன்னேனா?" என்று பறந்துவிட்டது.

சிலுப்பி நாற்பது இலையையும் கவ்விக்கொண்டு நடந்தது. ஆளில்லாத இடமாகப் பார்த்துப் போட்டுவிடலாம் என்று நாவல் மரத்தடிக்கு வந்தது. அங்கே உடும்பு இருந்தது. கீரியும் காட்டுக்கோழியும் இருந்தன. சிலுப்பி எழுதாமல் விட்ட அந்தச் சேற்றைச் சுற்றி, இருபது நாளாக வந்து போன தடம் காய்ந்து கிடந்தது.

"இங்க என்ன பண்றீங்க?"

"நீ எழுதியிருப்பியான்னு பார்க்கத்தான் தினமும் வர்றோம்" என்றது காட்டுக்கோழி.

"இன்னைக்குக் குகையில முழுக் கதையும் வாசிக்கிறேன்னு போட்டிருந்தேனே!"

"துறைக்கு நாங்க எதுக்குப் போறோம்? எங்களுக்கு நீ சொல்லவே இல்லையே, தம்பி!" என்றது உடும்பு.

சிலுப்பிக்குச் சுருக்கென்றது. இலைக்கட்டைத் தண்ணீர்ப் பக்கம் நகர்த்தியது. உடும்பு பாய்ந்து அதன் மேல் படுத்துக்கொண்டது. உடும்பு பிடித்தால் விடுமா?

"விடு அக்கா. நாலு பேர் இல்லைன்னா போட்டுடறதா சொல்லியிருக்கேன். மூணு பேர்தானே இருக்கீங்க!"

"மூணு பேருக்கு முதல்ல வாசி! அதைக் கேட்டுட்டு மத்த பேச்சு!"

சிலுப்பி வாசித்தது. பத்தாவது இலையில், அந்த வழியாகத் தண்ணீருக்குப் போன ஒரு முயல் காதை நிமிர்த்தி நின்றது. பதினைந்தாவது இலையில் உட்கார்ந்துகொண்டது. நாற்பதாவது இலை முடிகிறவரைக்கும் அது தண்ணீர் குடிக்கப் போகவே இல்லை.

மறுநாள் கீரி தன் வீட்டாரைக் கூட்டி வந்தது, முயல் தன் தங்கைகளைக் கூட்டி வந்தது. எண்ணவே கூடாது என்றுதான் சிலுப்பி நினைத்தது. ஆனாலும் மனசு கேட்காமல் எண்ணியது. பதினொரு பேர். ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டுவிட்டுத்தான் முதல் இலையை எடுத்தது.

கடந்துபோகிறவர்களை எண்ணி மகிழ்வதைவிட, காத்திருந்து கேட்கிற ஒருவருக்குப் பதில் சொல்வதே ஆள் சேர்க்கும் வழி.