கடைசி வரிசைச் சிரிப்பு

ஆலந்துறையை ஆண்ட சேந்தவர்மருக்கு நாடகம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அதற்கென்றே ஒரு நாடகக் கலாசாலை கட்டினார். குரல் பயிற்சிக்குக் குழல்வாய்மொழி அம்மையாரை நிரந்தர ஆசிரியையாக அமர்த்தினார். வெளியூர்களில் பேர்பெற்ற கலைஞர்களையும் விருந்தாளிகளாக வரவழைத்து, தங்கவைத்து, பாடம் நடத்தச் சொன்னார். எல்லாம் சரிதான். ஆனால் பாருங்கள், மகாராஜா முதல் வரிசையில் உட்கார்ந்துதான் நாடகம் பார்ப்பார். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த வருஷத்து விருந்தாளி மதுரகண்டர். வடதேசத்துக்காரர், பட்டுப்போலக் குரல். அவர் பழக்கிய பிள்ளைகள் மேடையில் மெல்ல மெல்லக் கொஞ்சிப் பேச, மன்னர் சொக்கிப்போனார். மறுநாளே அம்மையாரைச் சபைக்குக் கூப்பிட்டார்.

"அம்மையாரே, உங்கள் மாணவர்கள் வசனம் பேசுகிறார்களா, வயலில் காக்கை விரட்டுகிறார்களா? என் காது இன்னும் ரீங்காரம் போடுகிறது. இனிக் குரல் பயிற்சி முழுக்க மதுரகண்டர் பொறுப்பு. நீங்கள் ஊருக்குப் புறப்படலாம்."

அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது. குரல் மட்டும் கலங்கவில்லை. "கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டாமா மகாராஜா?"

"கேட்காமல் என்ன? நான் சிரித்தால் கொட்டகையே சிரிக்கிறது. நான் அழுதால் கொட்டகையே அழுகிறது. காதில் விழாதவன் எப்படி அம்மா சிரிப்பான்?"

சபை மொத்தமும் தலையாட்டியது. ஆட்டாத தலை ஒன்றே ஒன்று. அது கோலப்பருடையது. மன்னருக்கு யோசனை சொல்லவும், சமயத்தில் மன்னரையே கேலி பண்ணவும் உரிமை வாங்கி வைத்திருந்த மனுஷர் அவர்.

"ஒரு போட்டி வைத்துவிட்டு அனுப்புங்கள் மகாராஜா, ஊர் வாயை அடைக்கலாம்" என்றார் கோலப்பர். "ஒரே புது நாடகம். முதலில் விருந்தாளியின் பிள்ளைகள், அப்புறம் அம்மையாரின் பிள்ளைகள். தாங்கள் முன்னால் இருந்தால் பாவம், பிள்ளைகளுக்குக் கைகால் உதறும். மாறுவேஷத்தில் கடைசி வரிசையில் இருங்கள்."

"என் ஆசனம் காலியாகக் கிடக்குமே?"

"அடியேன் எதற்கு இருக்கிறேன்? தங்கள் தலைப்பாகையையும் சால்வையையும் ஒரு சாயங்காலம் இரவல் கொடுங்கள். பின்னால் இருப்பவர்களுக்கு முதுகுதானே தெரியும்?"

"ரொம்ப நாள் ஆசையோ?" என்றார் மன்னர். மாறுவேஷம் என்றதும் ஆசை பிடித்துக்கொண்டது என்னவோ அவரைத்தான்.

போட்டி நாள் வந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பூக்காரி பேச்சிக்கும் ஒரு தூணுக்கும் நடுவில் மன்னர் ஒடுங்கி உட்கார்ந்தார். தூண் பாதி மேடையை விழுங்கிவிட்டது. திரை விலகி மதுரகண்டரின் பிள்ளைகள் வந்தார்கள். வாய் அசைந்தது, கை அசைந்தது. மன்னர் காதைத் தீட்டிக்கொண்டார். பேச்சி பூ நார் கிழிக்கிற சத்தம்கூடக் கேட்டது, வசனம் கேட்கவில்லை. "கொஞ்சம் உரக்கப் பேசித் தொலையுங்களேன்!" என்று முணுமுணுத்தவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

திடீரென்று முன்வரிசையில் ராஜாவின் தலைப்பாகை குலுங்கியது. அவ்வளவுதான்! அமைச்சர்கள் சிரித்தார்கள். வணிகர்கள் சிரித்தார்கள். சிரிப்பு ஒவ்வொரு வரிசையாகத் தாண்டிப் பின்னால் வந்தது. பேச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். நம் மன்னரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் பேச்சி பக்கம் குனிந்தார்.

"என்னம்மா சொன்னாங்க?"

"யாருக்குய்யா தெரியும்?"

"பின்னே ஏன் சிரிச்சே?"

"ராஜா சிரிக்காருல்லா! நாம உம்முனு இருந்தா நல்லாவா இருக்கும்? அது சரி, நீரு எதுக்குச் சிரிச்சீரு?"

மன்னர் கம்பளியை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்.

அடுத்து அம்மையாரின் பிள்ளைகள். அதே நாடகம், இப்போதுதான் மன்னருக்குக் கதையே புரிந்தது. தகப்பன் கடலுக்குப் போயிருக்கிறான். மகள் சாகக் கிடக்கிறாள். "அண்ணா, வாசல் விளக்கை அணைச்சிடாதீங்க. அப்பா வந்தா இருட்டிலே தடுமாறுவார்" என்றாள். கத்தவில்லை. தளர்ந்துபோன குரல்தான். ஆனால் அது தூணைத் தாண்டி வந்து மன்னரின் நெஞ்சைப் பிசைந்தது. முன்னால் தலைப்பாகை பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி அசையாமல் இருந்தது. பேச்சி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை, முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். மன்னருக்குக் கம்பளிதான் கிடைத்தது.

மறுநாள் சபையில் மன்னர் எழுந்து நின்றே பேசினார். "அம்மையாரே, முதல் வரிசைக் காதை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மன்னிக்க வேண்டும். நீங்கள் எங்கேயும் போகக்கூடாது."

மதுரகண்டர் கைகட்டி முன்னால் வந்தார். "எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுங்கள், அம்மா."

"அதற்கென்ன, வாருங்கள்" என்றார் அம்மையார். "காக்கை விரட்டுவதிலிருந்து ஆரம்பிக்கலாம்."

மன்னர் தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் இருக்கட்டும். கோலப்பரே, முதல் தடவை நடித்தபோது அப்படி என்ன வேடிக்கை வந்தது? ராத்திரியெல்லாம் மண்டையைக் குடைந்தது."

"வேடிக்கையா? அந்தப் பெண் விளக்கை அணைக்காதே என்று சொல்லிச் சாகிற கட்டம் அது."

"ஐயையோ! சாவுக்கா சிரித்தேன்? நீர் எதற்கய்யா சிரித்தீர்?"

கோலப்பர் விட்டத்தைப் பார்த்தார். "தங்கள் தலைப்பாகைக் குஞ்சம் காதுக்குள் போய்க் கிச்சுக்கிச்சு மூட்டிவிட்டது மகாராஜா."

மன்னர் இடியிடி என்று சிரித்தார். சபையும் சிரித்தது. மன்னர் சட்டென்று நிறுத்தி, வாசலோரம் நின்று சிரித்த தளவாயைப் பார்த்தார்.

"தளவாயாரே, கோலப்பர் என்ன சொன்னார்?"

தளவாய் தரையைப் பார்த்தார்.

அந்தத் தலைப்பாகையையே கோலப்பருக்குப் பரிசாகக் கொடுத்தார் மன்னர், குஞ்சத்தோடு. அன்றைக்கே தம் ஆசனத்தையும் கொட்டகையின் கடைசி வரிசையில், பேச்சி பக்கத்தில் போடச் சொல்லிவிட்டார். அப்புறம் ஆலந்துறையில் எந்த வசனமும் யாருக்கும் கேட்காமல் போனதில்லை. அமைச்சர்களுக்குத்தான் பாவம், தீராத கழுத்துவலி. எப்போது சிரிப்பது என்று திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்ததே!