மூக்குப்பொடி டப்பாக் காமிரா

நல்லமருதூர் ராஜா விசயரங்கருக்கு மூளை இல்லை என்று சொல்பவர்கள் அவரை அறியாதவர்கள். இருந்தது. எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடுமே என்று பத்திரமாக வைத்திருந்தார். யோசிக்கும் வேலையைத் திவான் தாண்டவராயர் பார்த்துக்கொண்டார். திவான் யோசித்ததை மெச்சும் வேலையைச் சபையார் பார்த்துக்கொண்டார்கள்.

அரண்மனையில் கல்யாணம் வந்தது. ஒரே மகள். தாலி ஏறிய கையோடு வடதேசம் போகிறவள். அந்த வம்சத்தில் ஒரு வழக்கம் உண்டு. தாலி கட்டுவது ஜன்னலில்லாத உள்ளறையில், குலதெய்வம் கோயிலிலிருந்து வந்த ஒற்றை விளக்கின் முன்னால். இன்னொரு சுடர் அங்கே கூடாது. படக்காரர்கள் பளிச்சென்று கொளுத்தும் பொடியும் கூடாது. பெற்றவளும் கூடாது. அவள் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கெட்டிமேளத்தைக் கேட்டு மகளுக்குத் தாலி ஏறியதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ராணி மங்கைநாச்சியார் சபைப் புலவர் பூமிநாதரை அழைத்தார்.

"அந்த நேரத்தில் அவள் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்க வேண்டும், புலவரே. ஒரு படம் போதும்."

பூமிநாதர் தலையசைத்துவிட்டு வந்தார்.

அதற்குள் திவான் பட்டணத்திலிருந்து ஒரு காமிராவை இறக்கியிருந்தார். தேக்குப் பெட்டி, தோல் துருத்தி, பித்தளை வளையம், முக்காலி. தூக்க இரண்டு ஆள் வேண்டும். நடு முற்றத்தில் உச்சிவெயிலில் ராஜாவை நிறுத்தி எடுத்த படத்தில் மீசை மயிரை எண்ணலாம். சபை எண்ணியது. ஆளுக்கு ஆள் கூடுதலாக எண்ணியது.

பூமிநாதர் தேடிக் கொண்டுவந்ததோ உள்ளங்கையில் அடங்கும் ஒரு கறுப்புப் பெட்டி.

"இதென்ன ஓய், மூக்குப்பொடி டப்பாவா?" என்றார் திவான். சபை சிரித்தது.

பெட்டி சிறிது, கண்ணாடி அகலம்; கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் வாரிக் குடித்து, கண் சிமிட்டும் நேரத்தில் படம் பிடித்துவிடும் என்று பூமிநாதர் விளக்கினார். பித்தளை இல்லாத பெட்டியைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்? கடைசியில் ஒன்று மட்டும் வேண்டிக்கொண்டார். திவானுடைய காமிராவை உள்ளறையில் ஒரு தடவை வைத்துப் பார்க்கலாம். மாப்பிள்ளை இடத்தில் நிற்க, களையான முகமுள்ள திவானே தகுந்தவர் என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் திவான் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார்.

ஒற்றை விளக்கு ஏற்றினார்கள். மணப்பெண்ணுக்குப் பதில் ஒரு வாழைக்கன்று. அதன் கழுத்தில் கயிற்றைப் பிடித்தபடி திவான் குனிந்து நின்றார். வெளிச்சம் போதாது, பெட்டி மெதுவாகத்தான் பார்க்கும், அசையக் கூடாது என்றார் காமிராவோடு வந்த படக்காரர், கறுப்புத் துணிக்குள்ளிருந்து. திவான் நின்றார். முதுகு வலித்தது. மூக்கில் ஒரு கொசு உட்கார்ந்தது. தும்மினார். இன்னும் கொஞ்சம் என்றார் படக்காரர்.

படம் கழுவி வந்தது. வாழைக்கன்று லட்சணமாக விழுந்திருந்தது. திவானுக்கு நாலைந்து கைகள். தலை இருக்க வேண்டிய இடத்தில் புகை. தெய்வாம்சம் என்று சபையில் ஒருவர் மெச்சினார்.

ராஜா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தலை எங்கே, திவான்?"

குற்றம் பெட்டியுடையதல்ல, ஆடியதுதான் தப்பு என்றார் திவான். மாப்பிள்ளையை அசையாமல் நிற்கப் பழக்கிவிடலாம். தாலியை முடிச்சுப் போடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருக்கச் சொல்லலாம். கெட்டிமேளத்தை நிதானமாக வாசிக்கட்டும்.

ராஜாவின் தலை ஆடத் தொடங்கியது. அது முழுதாக ஆடி முடிந்தால் உத்தரவு. பிறகு ராணிக்கு மிஞ்சுவது புகைதான்.

"திவான் சொல்வதே சரி, மகாராஜா," என்றார் பூமிநாதர். "இத்தனை உசத்தியான காமிராவை மாற்றக் கூடாது. மாப்பிள்ளையை மாற்றிவிடுவோம்."

ராஜாவின் தலை பாதி ஆட்டத்தில் நின்றது.

"என்ன உளறுகிறீர், புலவரே?"

"கோயில் வாசலில் துவாரபாலகர் நிற்கிறாரே, கல்லில். எத்தனை நாழிகை ஆனாலும் அசையமாட்டார், தும்மமாட்டார். எடுப்பான முகம். சீர்வரிசை கேட்கமாட்டார். எதிரே இன்னொருவரும் இருக்கிறார், அவரைத் திவானாக வைத்துக்கொள்ளலாம். அவரும் யோசிக்கமாட்டார்தான். ஆனால் தலை இருக்கிறது."

ராஜா முதலில் விழித்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்துக் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்குப் போட்டார். சபையார் மூக்குப்பொடி டப்பாவின் அழகை அப்போதே வர்ணிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கல்யாணம் முடிந்து, பெண்ணும் போன பிறகு, பூமிநாதர் படத்தைக் கொண்டுபோய் ராணியிடம் கொடுத்தார். விளக்கொளியில் மகள் முகம் அப்படியே விழுந்திருந்தது. மாப்பிள்ளையை அவள் பார்க்கவில்லை. தாலியையும் பார்க்கவில்லை. ராணி இருந்த பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.