சிவப்புத் தொட்டியும் படுத்த கோடும்

காரைப்பட்டிச் சாயப்பட்டறையில் மூணு பேர் இருந்தார்கள். மூணு பேருக்கும் தலை இருந்தது. துண்டு கட்ட உதவியது. அவர்களில் மூத்தவன் ராக்கியண்ணனுக்கு மேஸ்திரி ஆகிவிட வேண்டுமென்று வெகுநாள் ஆசை.

அன்று முதலாளி சொல்லிவிட்டார்: "சாயங்காலம் பொல்யூஷன் ஆபீசர் வராரு. தொட்டித் தண்ணி சிவப்பா இருந்தா பட்டறைக்குச் சீல். வெளுத்திருந்தா நீதான் மேஸ்திரி."

கெமிஸ்ட் சுகந்தி தொட்டியில் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துவிட்டுக் கிளம்பும்போது விளக்கினாள்: "அப்பப்ப ஒரு டம்ளர் மொண்டு, அதுல இந்த மூட்டையில இருக்கற உப்பு ஒரு சிட்டிகை போடுங்கண்ணா. வெளுக்கற வினை அந்த டம்ளர்ல அப்படியே நின்னுரும். மிச்ச நிறத்தை மீட்டர்ல பாத்து, இந்த லாக் கிராப் தாள்ல நேரத்துக்கு நேரா புள்ளி வைங்க. நேர்கோடு வந்தா முதல் வகை வினை. கோட்டோட சாய்வுலதான் வேக மாறிலி இருக்குது. சாய்வு கூடுனா சீக்கிரம் வெளுக்குதுன்னு அர்த்தம்."

ராக்கியண்ணன் தலையாட்டினான். ஆட்டியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

அவள் வண்டி தெருமுனை தாண்டியதும் ஆலோசனை தொடங்கியது.

"ஒவ்வொரு டம்ளருக்கும் உப்பா? கை என்னத்துக்கு ஆகும்?" என்றான் செங்கோடன்.

"டம்ளர்த் தண்ணியெல்லாம் எங்கிருந்துங்க மாமா வருது?" என்று கேட்டான் பொன்னான்.

"தொட்டியிலிருந்துதான் மாப்ள," என்றான் ராக்கியண்ணன்.

"அப்ப உப்பை அங்கயே போட்டுட்டா?"

இப்பேர்ப்பட்ட யோசனை அந்தப் பட்டறையில் அதுவரை பிறந்ததில்லை. ராக்கியண்ணன் உப்பு மூட்டையை அப்படியே தொட்டியில் கவிழ்த்தான்.

வெளுப்பு அத்தோடு நின்றது. மத்தியானம் மொண்டதும் சிவப்பு, பொழுது சாய மொண்டதும் அதே சிவப்பு. புள்ளிகளைச் சேர்த்தால் கோடு பாய் விரித்துப் படுத்திருந்தது.

"நேர்கோடு! முதல் வகை!" என்று குதித்தான் பொன்னான். "நாம செஞ்சதுல எதுங்க மாமா இதுவரைக்கும் முதல் வகையா வந்திருக்குது?"

வாசலில் ஜீப் சத்தம். ராக்கியண்ணன் தாளைத் தூக்கிப் பிடித்தான்.

"கோடு நேராத்தானே வந்துச்சு? அப்புறம் ஏன்டா வெளுக்கல?"

செங்கோடன் தாளை உற்றுப் பார்த்தான். "சாய்வே இல்லையே மாமா. சாய்வில்லாம வேகம் எங்கிருந்து வரும்?"

"அட, ஆமா!"

தாளைத் தொட்டிச் சுவரில் சாய்த்துப் பிடித்தார்கள். சிவப்பு. இன்னும் சாய்த்தார்கள். அப்போதும் சிவப்பு.

ஆபீசர் உள்ளே வந்தார். பின்னால் வந்த முதலாளியின் முகமும் தொட்டி நிறத்தில்தான் இருந்தது.

ராக்கியண்ணன் கோடு செங்குத்தாகவே நிற்கும்படி தாளைத் திருப்பிப் பொன்னான் கையில் கொடுத்துவிட்டு, ஓடிப்போய் ஆபீசரை மறித்தான்.

"சார், கிட்ட வராதீங்க! இப்ப வெளுக்கப் போற வேகத்துல உங்க கலர் சட்டையும் சேந்து வெளுத்துரும்!"