நமுத்துப்போன முறுக்கு

ஆலங்காட்டு ஏரிக்கரைக்கு ஒரு சுண்டெலி தன் அம்மாவுடன் வந்து சேர்ந்தது. அதன் பெயர் தட்டை. பிறந்த அன்று என்ன பலகாரம் கிடைத்ததோ அதையே பிள்ளைக்குப் பெயராக வைப்பது அந்த எலிகளின் வழக்கம். அவை வாழ்ந்தது செங்கமலம் டாக்கீஸ் என்னும் சினிமாக் கொட்டகையில். அதை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டத் தொடங்கியதும் எலிகள் திசைக்கு ஒன்றாகச் சிதறிப் போயின.

கிளம்பும்போது அம்மா எலி ஒரு முறுக்குத் துண்டைக் கவ்விக்கொண்டு வந்தது. வழியில் பசித்தபோதும் அதைத் தின்னவில்லை. அவ்வப்போது முகர்ந்து பார்த்துப் பெருமூச்சு விடும். மறுபடி இலையில் சுற்றி வைத்துவிடும்.

அதற்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. மரங்கொத்தி டொக் டொக் என்று மரத்தைத் தட்டினால் போதும், கையில் இருக்கும் விதையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்து நிற்கும். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பிவிடும். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

கரையில் மேட்டு வளைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சும்மா புகுந்துவிட முடியாது. புதிதாக வந்தவர்கள் உடும்பு வாத்தியாரின் பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும். தலைப்பு எல்லோருக்கும் ஒன்றுதான்: 'நாங்கள் யார், எப்படிச் சாப்பிடுகிறோம்?' கேட்டவர்களுக்குப் பிடித்தால் வளை உண்டு. பிடிக்காவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். உடும்பு எலியைத் தின்னாதா என்று கேட்பீர்கள். பள்ளி எல்லைக்குள் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது வாத்தியாரே போட்ட சட்டம். கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான் அவர் அதைக் கடைப்பிடித்தார்.

மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. தாயும் மகளும் ஒதுங்கியிருந்த பள்ளத்துப் புதர் முதல் மழைக்கே முழுகிவிடும். தட்டை ஓர் ஆலிலையை எடுத்துக்கொண்டு என்ன எழுதுவது என்று விழித்தது. அப்போது மரத்திலிருந்து ஓர் அணில் இறங்கி வந்தது. மற்றவர்களுக்குக் கட்டுரை எழுதிக் கொடுப்பதுதான் அதன் பிழைப்பு. எங்கிருந்து வருகிறீர்கள் என்று அது கேட்க, தட்டை சொன்னது.

"சினிமாக் கொட்டகையா? வெளிய சொல்லிடாத புள்ள. இங்க எல்லாரும் பரம்பரை பரம்பரையா காட்டுல இருக்கறவங்க. கீழ விழுந்த பொரியைப் பொறுக்கித் தின்னோம்னா மதிப்பாங்களா?"

தட்டைக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப என்னதான் எழுதறது அண்ணே?"

"நெல்லு, வரப்பு, பனித்துளின்னு நான் பிரமாதமா எழுதித் தரேன். ஆனா சும்மா ஆகாது."

கொடுக்க என்ன இருக்கிறது? அம்மா கண்ணயர்ந்த நேரம் பார்த்துத் தட்டை அந்த முறுக்குத் துண்டை எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டது. வளை கிடைத்துவிட்டால் அம்மா மன்னித்துவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டது.

வாசிக்கும் நாள் வந்தது. முதலில் ஒரு முயல் எழுந்தது. "நெற்கதிரின் நிழலில் பிறந்தவர்கள் நாங்கள். பனித்துளி பருகி, பால் பிடித்த கதிரைக் கொறித்து வளர்ந்தோம்" என்று வாசித்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அடுத்து ஓர் ஓணான். "நெற்கதிரின் நிழலில் பிறந்தவர்கள் நாங்கள்..."

"ஏம்பா ஓணான், நீ எப்பப்பா நெல்லு தின்னே?" என்றார் உடும்பு வாத்தியார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அடுத்த பெயர் தட்டை.

தட்டை தன் இலையைப் பார்த்தது. அதே நெற்கதிர், அதே நிழல். அணிலைத் தேடியது. அது உச்சிக் கிளையில் வாலுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் அம்மா காத்திருந்தது. தட்டை இலையைக் கீழே போட்டது.

"எனக்கு நெல்லு வயல் தெரியாதுங்க. நாங்க கொட்டகை எலிங்க."

ஒரு கீரி களுக்கென்று சிரித்தது. தட்டை பேச்சை நிறுத்தவில்லை.

"விளக்கை அணைச்சாத்தான் எங்களுக்கு விடியும். ஜனங்க படத்தைப் பாப்பாங்க, நாங்க அவங்க காலடியைப் பாப்போம். காமெடி வந்தா சிரிச்சுச் சிரிச்சு எல்லாத்தையும் சிந்துவாங்க. அதுதான் எங்களுக்கு அறுவடை. சோகப் படம் வந்தா ஒரு பொரி விழாது. அழுதுகிட்டே யாரு தின்னுவா? அந்த வாரமெல்லாம் அரைவயிறுதான். ஆனா எங்கம்மா ஒளிஞ்சிருந்து பாக்கறது அந்தப் படத்தைத்தான்."

சிரித்த கீரி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது.

"பொறுக்கினதை அங்கயே தின்ன மாட்டோம். திரைக்குப் பின்னாடி ஒரே குவியலாப் போடுவோம். இடைவேளை மணி அடிச்சதும் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். நொண்டி, கிழடு, ஒண்ணும் கிடைக்காம வெறுங்கையோட வந்தவங்க, எல்லாருக்கும் பங்கு உண்டு. மரங்கொத்தி தட்டினா எங்கம்மா அந்த மணின்னு நினைச்சு ஓடிவந்துடும். வந்து பாத்தா யாரும் இருக்க மாட்டாங்க."

அந்தக் கரையில் அவரவர் வளையில் அவரவர் சாப்பாடு. பக்கத்து வளையில் சாப்பிட்டார்களா இல்லையா என்று கேட்டவர்கூடக் கிடையாது. உடும்பு வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மேட்டு வளை உங்களுக்குத்தாம்மா" என்றார். பிறகு அண்ணாந்து, "மரங்கொத்தி, நாளையிலேர்ந்து உச்சிவேளைக்கு நீ மணி அடிச்சிடு" என்றார்.

மறுநாள் டொக் டொக் என்று சத்தம் கேட்டது. அம்மா எலி பழக்கதோஷத்தில் விதையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது. வந்து திகைத்து நின்றுவிட்டது. முயல் கிழங்கையும் ஓணான் ஈசலையும் ஒரே குவியலாகப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தன. வெறுங்கையோடு வந்தவர்களும் கூச்சத்தோடு ஓர் ஓரத்தில் இருந்தார்கள். கடைசியாக அணில் வந்து, ஓர் இலைச் சுருளைக் குவியலில் வைத்தது.

"தின்ன மனசு வரலக்கா" என்றது.

அம்மா சுருளைப் பார்த்தது. பிறகு மகளைப் பார்த்தது. தட்டை தலையைக் குனிந்துகொண்டது. அம்மா சுருளைப் பிரித்தது. அத்தனை நாள் காத்து வைத்த முறுக்கைத் தானே நொறுக்கி, எல்லோருக்கும் ஒரு துணுக்கு கொடுத்தது. தன் பங்கைக் கண்ணை மூடிக்கொண்டு மென்றது.

"நமுத்துப் போச்சு. ஆனா நம்ம கொட்டகை முறுக்குதான்" என்றது. அதன் மீசை ஈரமாயிருந்தது.

இரவல் வாங்கிய பெருமை வாசலோடு நின்றுவிடும். சொந்தக் கதைதான் நம்மை உள்ளே அழைத்துப்போய்ப் பந்தியில் உட்கார வைக்கும்.