ஏழாவது தீவின் சம்மதம்

"ஒரு பிழையும் இல்லையே அம்மா, ஏன் மறுக்கிறார்கள்?"

வந்ததும் வராததுமாகப் பொறையன் இப்படித்தான் கேட்டார்.

வேண்மாள் கடலோரப் பாறையில் உட்கார்ந்திருந்தார். பொறையனைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் மனம் குழம்பியவர்கள் அவரைத் தேடித்தான் வருவார்கள்.

பனிமூட்டத்தில் கடலும் வானமும் ஒன்றாகியிருந்தன. அலைச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்தது.

"எதை மறுக்கிறார்கள் ஐயா?"

"அரசியல் சாசனத்தை. மன்னராட்சி போய்விட்டது. ஏழு தீவும் சேர்ந்து ஒரே நாடாக வேண்டும். மூன்று வருடம் உட்கார்ந்து எழுதினோம். ஆறு தீவுகள் ஒப்புக்கொண்டுவிட்டன. கீழ்வாடி மட்டும் வேண்டாம் என்கிறது. காரணமும் சொல்லவில்லை."

"எழுதும்போது அவர்கள் இருந்தார்களா?"

"அவர்கள் தீவு ரொம்ப தூரம். வந்து சேரும்வரை காத்திருக்க முடியவில்லை."

"ஒப்புக்கொள்ளாவிட்டால்?"

பொறையனின் குரல் தாழ்ந்தது. "மழைக்கு முன் படை அனுப்பலாம் என்கிறார்கள். நாடு பிறப்பதற்குள்ளேயே ரத்தம், அம்மா."

"படியுங்கள்."

ஈரம் பிடித்த தாள்களைப் பிரித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏழு தீவுகளின் மக்களாகிய நாங்கள்..."

வேண்மாள் எழுந்து பனிக்குள் நடந்தார்.

பொறையன் காத்திருந்தார். வேண்மாள் திரும்பி வந்து உட்கார்ந்ததும் மறுபடி தொடங்கினார்.

"ஏழு தீவுகளின் மக்களாகிய நாங்கள்..."

வேண்மாள் மறுபடியும் எழுந்து போனார். எது அவருடைய வெள்ளைப் புடவை, எது மூட்டம் என்றே தெரியவில்லை.

"எங்கே போகிறீர்கள்?" பொறையன் கத்தினார். "கேட்கவே மாட்டீர்களா?"

மூட்டத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மன்னியுங்கள் ஐயா. நாங்கள் என்றீர்களே. உங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்கிறீர்கள் என்று நினைத்தேன். நடுவில் நான் எதற்கு?"

பொறையன் அந்த வரியை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். பிறகு அந்தச் சொல்லை அடித்துவிட்டு, மேலே இரண்டே எழுத்தில் எழுதினார்: நாம்.

அன்றே தனியாகப் படகேறினார். துடுப்பு தண்ணீரில் படுகிறதா, மேகத்தில் படுகிறதா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

கீழ்வாடியின் தலைவி சேந்தி, உப்பளத்திலிருந்து அப்படியே கரைக்கு வந்தாள். ஊரும் பின்னால் வந்தது.

அவர் முதல் வரியைப் படித்தார்.

"நில்லுங்கள். இன்னொரு தடவை."

படித்தார்.

"நாம் என்றா எழுதியிருக்கிறீர்கள்?"

"ஆமாம்."

"எங்களையும் சேர்த்தா?"

"சேர்த்துத்தான்."

அவள் மணலில் உட்கார்ந்தாள். எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவர் கடைசித் தாள்வரை படித்து முடித்தபோது பனி விலகி, கடல் கண்ணாடியாகக் கிடந்தது.

"ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார் பொறையன்.

சேந்தி கையை நீட்டினாள்.

"பேனாவைக் கொடுங்கள்."

கொடுத்தார். கையெழுத்துக்கு இடம் விட்டிருந்த தாளையும் நீட்டினார்.

அவள் அதை ஒதுக்கி வைத்தாள். பதினோராம் தாளைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஐயா, இந்த மீன்பிடி எல்லையைத் தப்பாக எழுதிவிட்டோம்" என்றாள்.