ஆளுக்கு முன்னால் வெட்டிய குழி

அந்தக் கணவாய் ஊரில் ஆள் சாவதற்கு முன்பே குழியை வெட்டி வைத்துவிடுவார்கள். நம்புகிறவர்கள் நம்புங்கள்.

மலைக்கு அப்பாலிருந்து ஒரு கூட்டம் மாதம் ஒருமுறை வரும். சந்தைக்குள் வெடி வைத்துவிட்டுப் போகும். ஒருவர் சாவார், மிஞ்சினால் இருவர். பல வருஷமாக இதே கதை. ஊருக்குப் பழகிப்போய்விட்டது. மறுநாளே ஊர்த் தலைவர் உத்தரவில் அடுத்த மாதத்துக் குழி தயார். அதற்குள் மழைத்தண்ணீர் இறங்காமல் ஓலை போட்டு மூட ஓர் ஆள்கூட உண்டு!

இந்த மாதம் அதில் இறங்கியவள் பூவாடை. சந்தையில் வளையல் விற்கிறவள். அவள் அண்ணன் சடையாண்டி, மண் தள்ளிய கையைக்கூடக் கழுவாமல் தன் குருவிடம் வந்து நின்றான்.

"சாமி, அவனுங்களை ஒரேயடியா அடிச்சு முடிக்கிறதா, இப்படியே பொறுத்துக் கிடக்கிறதா? தலைவர் பொறுக்கச் சொல்றார்."

"என்ன சொல்லிப் பொறுக்கச் சொல்றார்?"

"சண்டைன்னா நூறு பேர் போவாங்களாம். இது மாசம் ஒண்ணுதானாம். ஒண்ணுதானாம் சாமி! எனக்கு இருந்ததே ஒண்ணுதான்."

குரு கூரையிலிருந்து ஒரு மூங்கிலை உருவிக்கொண்டு நடந்தார். சடையாண்டி பின்னால் ஓடினான்.

சாவடியில் தலைவர் தில்லைநாயகம் மோர் குடித்துக்கொண்டிருந்தார். குருவைக் கண்டதும் எழுந்தார். குரு அவர் குதிகாலை ஒட்டி மூங்கிலை ஊன்றி, உச்சந்தலைக்கு நேராகக் கரியால் கோடு போட்டார்.

"என்ன சாமி இது?"

"அடுத்த குழிக்கு அளவு. நீங்க நெட்டை. காலை மடக்கிக் கிடக்க வேண்டாம் பாருங்க."

தலைவர் மோரைக் கொட்டிவிட்டார். "எனக்கு எதுக்குய்யா குழி?"

"அப்போ யாரை நினைச்சு வெட்டச் சொன்னீங்க?"

சாவடியில் இருந்தவர்கள் எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்தது. ஒரே தாவலில் நாற்காலி மேல் ஏறினார்.

"போதும் பொறுத்தது! விடிஞ்சதும் இளவட்டங்க அத்தனை பேரும் மலை ஏறட்டும்! அவனுங்கள்ல ஒருத்தன் மிஞ்சக் கூடாது!"

சாவடி அதிர்ந்தது. சடையாண்டிதான் எல்லாரையும்விடப் பலமாகக் கத்தினான்.

குரு மட்டும் மூங்கிலைத் தூக்கிக்கொண்டு மறுபடி நாற்காலிப் பக்கம் போனார்.

"இன்னும் என்ன சாமி? அதான் அனுப்பறேன்னு சொல்லிட்டேனே!"

"இதுவரைக்கும் வளையல்காரியை அனுப்பினீங்க. இப்போ இளவட்டங்களை அனுப்பறீங்க."

குரு மூங்கிலைத் தலைவர் கையில் திணித்தார்.

"எதைச் சொன்னாலும் குழி உங்க அளவுக்குத்தான். இப்போ இறங்கி நின்னு சொல்லுங்க. பொறுக்கிறதா, அடிக்கிறதா?"